ஒரு கால் எப்போதும் தரையில்

குதிகால் முதலில், பிறகு பாதம், பிறகு விரல், முன்காலின் முட்டி மடங்கக் கூடாது, ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும், இடது, வலது, இடது, இதைத்தான் பி.டி. சார் ஒரு வாரமாக எனக்குச் சொல்லிக்கொடுத்தார், ஐம்பது தாண்டிய ஒருத்திக்கு நடக்கக் கற்றுக்கொடுக்கும் வேலையை அந்த மனிதர் ஒருமுறைகூடச் சிரிக்காமல் செய்தார் என்பதற்காகவே ஜெயக்கொடி சாருக்கு ஒரு கோயில் கட்டலாம், இல்லை, அவர் வேதக்காரர், மெழுகுவர்த்தி ஏற்றலாம். இது கடைசிச் சுற்று. மாசி வெயில் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கப் பார்க்கிறது, மைதானத்துப் புழுதி மூக்கில் ஏறுகிறது, எனக்கு முன்னால் காமர்ஸ் துறைத் தலைவர் இராஜாங்கம் சாரின் முதுகு போய்க்கொண்டிருக்கிறது. நனைந்த வெள்ளை பனியன், நடுவில் ஒரு தீவு மட்டும் ஈரமில்லாமல். மூன்று சுற்றாக அந்தத் தீவைத்தான் பார்த்துக்கொண்டு வருகிறேன், வரைபடம் வரையச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு வரைவேன். மற்ற துறைத் தலைவர்களைக் கணக்கில் எடுக்க வேண்டியதில்லை. தமிழ்த் துறை போன சுற்றிலேயே வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டது, இயற்பியல் ஓடியதாகச் சொல்லி வெளியே அனுப்பப்பட்டது, கணிதமும் விலங்கியலும் வெகு பின்னால் சம்பளக் கமிஷனைப் பற்றிப் பேசிக்கொண்டே வருகின்றன. நானும் அவரும்தான். எங்கள் இரண்டு பேரில் யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறோமோ அந்தத் துறைக்குக் கேடயம். வருஷம் முழுக்க ஆடிய ஆட்டமெல்லாம் சுருங்கி, கடைசியில் வரலாற்றுத் துறையின் மரகதவல்லியினுடைய இரண்டு காலில் வந்து உட்கார்ந்திருக்கிறது, அதில் இடதுகால் முட்டியில் தேய்மானம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஓடுங்க மேடம், ஓடுங்க, என்று என் பிள்ளைகள் கத்துகிறார்கள். மூன்று சுற்றாக அதையேதான் கத்துகிறார்கள். அடப் பாவிகளா, ஓடினால் வெளியே போகவேண்டியதுதான், இது நடைப்போட்டி என்று எத்தனை முறை சொன்னேன், வகுப்பில் சொன்னது மாதிரியே இதுவும் காற்றோடு போய்விட்டது.

இந்தக் கூத்தை ஆரம்பித்துவைத்தவர் முன்பு இருந்த ஒரு முதல்வர். அவருக்குச் சர்க்கரை வந்து, தினமும் நடக்கச் சொல்லி டாக்டர் விரட்ட, தான் மட்டும் நடப்பானேன் என்று துறைத் தலைவர்கள் எல்லோரையும் நடக்கவிட்டார். துறைகளுக்கு இடையிலான போட்டிகளில் கடைசி நிகழ்ச்சி ஆசிரியர் நடை, வெல்பவருக்குப் பத்துப் புள்ளி, அதற்குப் பிறகு நாட்டுப்பண். முதல்வர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார், சர்க்கரையையும் அவரே கொண்டுபோனார், வழக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார். இடது, வலது. பி.டி. சார் மைதானத்தின் நடுவில் நின்று பழைய டேபிள் டென்னிஸ் மட்டையோடு எங்கள் கால்களையே பார்க்கிறார். மட்டையின் ஒரு பக்கம் மஞ்சள், அது எச்சரிக்கை. மறுபக்கம் சிவப்பு, அது வெளியே. போன சுற்றில் எனக்கு மஞ்சள் காட்டினார். முட்டி மடங்கியதாம். மடங்காமல் என்ன செய்யும், அது முட்டியா, மூங்கிலா. சுண்டுவிரல் எரிகிறது. என் மாணவி பவுன்தாயின் கான்வாஸ் ஷூ, எனக்குக் கொஞ்சம் சிறிசு, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதையாக ஷூவைக் குறை சொல்லக் கூடாது, ஆனால் எரிகிறது. அவள் என் செருப்பை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு கோட்டுப்பக்கம் நிற்கிறாள். எனக்கு அதைப் பார்க்கத்தான் என்னவோ போல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா என்றால் நான்தான் செருப்புக் காவல். ஓடுகிற பிள்ளைகள் எல்லோரும் செருப்பையும் வளையலையும் என் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். மரகதம் நீ இங்கேயே இரு, எங்கேயும் போயிராத. நான் எங்கே போனேன். அப்படியே உட்கார்ந்திருந்து, படித்து, வேலைக்கு வந்து, மூன்று பானிபட் போர்களையும் பக்கம் பக்கமாக நடத்திவிட்டேன், ஒருநாளும் ஓடியதில்லை. பஸ்ஸுக்குக்கூட ஓடியதில்லை. போனால் போகட்டும், அடுத்த பஸ்.

நுணலும் தன் வாயால் கெடும். ஜூன் மாதம், கல்லூரி திறந்த முதல் வாரம், மூன்றாம் ஆண்டு வகுப்பில் பவுன்தாய் எழுந்து, இந்த வருசம் எல்லா ஆட்டத்துக்கும் நம்ம டிப்பார்ட்மென்டு பேர் கொடுக்கணும் மேடம் என்றாள். எங்கள் துறை கல்லூரியிலேயே சின்னது. மூன்று வருஷப் பிள்ளைகளையும் சேர்த்து நிறுத்தினால் ஒரு மினிபஸ்ஸில் ஏற்றிவிடலாம், கடைசி சீட்டில் நானும் உட்காரலாம். காமர்ஸ் கிடைக்காதவன் இயற்பியலுக்கு, அதுவும் கிடைக்காதவன் எங்களுக்கு. சேர்க்கையன்று அப்பாக்கள் என் மேஜை முன்னால் வந்து நிற்கும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், வேறு இல்லையென்று மிச்சம் மீதியை வாங்கிக்கொண்டு போகிறவர்களின் முகம். பவுன்தாயின் அப்பாவும் அப்படித்தான் நின்றார். அவளும் காமர்ஸுக்கு விண்ணப்பித்தவள். முதல் வருஷம் முழுக்க அவள் ஜன்னல் வழியாகக் காமர்ஸ் கட்டடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள், நான் அசோகரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பேன். அதனால் அன்றைக்கு அவள் கேட்டதும், சரி, கொடுத்துத் தொலையுங்கள் என்றேன், அதோடு வாயை மூடியிருக்கலாம். கடைசி வரைக்கும் நீங்க காமர்ஸுக்குச் சமமா வாங்க, ஆசிரியர் நடையில நான் நடந்து கேடயத்தை வாங்கித் தர்றேன் என்று சொன்னேன். வராது என்ற தைரியம். கேடயம் காமர்ஸ் அறையில் ஆணி அடித்து மாட்டியிருப்பது, சுவரோடு சேர்ந்து அதற்கும் வெள்ளை அடிப்பார்கள். வகுப்பே கைதட்டியது. பவுன்தாய் மட்டும் தட்டவில்லை. நெசமாவா மேடம் என்று கேட்டாள்.

ஆடியில் ரிங் பால் வந்தது, அந்த ரப்பர் வளையத்தை வலைக்கு மேல் வீசிப் பிடிக்கிற ஆட்டம். ஆடிக் காற்று கணவாயிலிருந்து இறங்கி எங்கள் மைதானத்தில்தான் திரும்பும், வளையம் ஒரு பக்கம் போக, பிடிக்கப் போனவள் ஒரு பக்கம் போவாள். காமர்ஸ் பிள்ளைகள் அழகாக உயர்த்தி வீசினார்கள், காற்று அதை வாங்கிக் கேன்டீன் கூரையில் போட்டது. பவுன்தாய் வலையை உரசுகிற மாதிரி தாழ்வாக வீசினாள். எங்களுக்குப் புள்ளி. ஐப்பசி மழையில் நூலகத்து மேஜையில் கேரம், பவுடர் நமுத்துப்போய்க் காய் நகரவில்லை, எங்கள் பையன் சின்னமாயன் ஒரு பெண்ணின் பையிலிருந்து முகப்பவுடரைக் கடன் வாங்கித் தூவ, அறையெல்லாம் மல்லிகை வாசம், சிவப்புக் காய் தானாகப் போய்க் குழியில் விழுந்தது. செஸ்ஸில் தோற்றோம். கபடியில் சொல்லவே வேண்டாம், ஒரு பையனுக்குத் தோள் இறங்கியது, அவன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணி, மேடம் போனஸ் புள்ளி கொடுத்தாங்களா என்று கேட்டான். பொங்கல் விழாவில் கயிறு இழுக்கும் போட்டி. காமர்ஸில் எல்லாம் மலைமலையான பையன்கள், ஆனால் அவனவன் தன் பாட்டுக்கு இழுத்தான். எங்கள் பிள்ளைகள் தேர் வடம் பிடித்து வளர்ந்தவர்கள், ஒருவன் குரல் கொடுக்க எல்லோரும் ஒரே மூச்சில் சாய்ந்தார்கள், கயிறு எங்கள் பக்கம் வந்துகொண்டே இருந்தது. அன்றைக்குத்தான் நான் முதல்முதலாகப் புள்ளிக் கணக்கை எண்ணிப் பார்த்தேன். இவர்கள் வந்துவிடுவார்கள் போலிருக்கிறதே. வீட்டில் சொன்னேன், என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், நீ பால் வாங்க முனை வரைக்கும் போறதுக்கே என்னைத்தானே அனுப்புற என்றார். மறுநாளிலிருந்து பாலுக்கு நான்தான் போகிறேன். இன்று காலையில் தொடரோட்டம், பவுன்தாய் கடைசியாளாகக் குச்சியை வாங்கி இரண்டு பேரைத் தாண்டி வந்து விழுந்தாள், முட்டியெல்லாம் ரத்தம், பலகையில் காமர்ஸும் வரலாறும் சமம் என்று எழுதினார்கள். அவள் ஷூவைக் கழற்றி, மண்ணைத் தட்டி, என் முன்னால் வைத்தாள். ஜூன் மாதத்துக் கேள்வியை மறுபடியும் கேட்கவில்லை.

நெஞ்சு அடிக்கிறது. இது நடப்பதால் அடிக்கிற அடியா, வேறு அடியா. வேறு அடி என்றால் இடதுகை வலிக்கும் என்பார்கள். இடதுகை வலிக்கிறதா. யோசித்தால் வலிக்கிறது, யோசிக்காவிட்டால் இல்லை, அப்படியானால் அது இல்லை. இங்கே விழுந்தால் என்ன ஆகும், பிள்ளைகள் புடவையில் குத்தியிருக்கிற ஊக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் குத்தும், நாளைக்கு வகுப்பில் ஒருவனும் நேரே பார்க்கமாட்டான், அதுகூடப் பரவாயில்லை, தோற்றுவிட்டு, பரவால்ல மேடம் என்று பவுன்தாய் சொல்வாளே, அந்தப் பரவாயில்லையைத்தான் என்னால் கேட்க முடியாது. மிச்சம் மீதிக்குப் பழகிய பிள்ளையின் பரவாயில்லை. சீ, இப்போது கண் கலங்கக் கூடாது, பாதை தெரியாது. இடது, வலது. தீவு பெரிதாகிவிட்டது. ஆமாம், பெரிதாகிவிட்டது, என்றால் நான் கிட்டே வந்துவிட்டேன், இராஜாங்கம் சார் தளர்கிறார். அவர் கல்லூரியின் என்.சி.சி. அதிகாரி, தினமும் பைபாஸில் நடக்கிறவர், முதுகு வளையாத மனிதர், ஆனால் மதியம் விருந்தினரோடு உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டார், நான் பார்த்தேன், இரண்டாம் முறை வாங்கினார், அதையும் பார்த்தேன். நான் இட்லியோடு நிறுத்தினேன். வரலாற்றில் சாம்ராஜ்யங்கள் இப்படித்தான் விழுந்திருக்கின்றன. கடைசி வளைவு திரும்பியாயிற்று. முன்னால் சுண்ணாம்புக் கோடு தெரிகிறது, அந்தப் பக்கம் பந்தல், நாற்காலிகள், மைக் செட் முனியசாமி. ஓடுங்க மேடம். ஓடினால் என்ன. நாலே எட்டு ஓடினால் அவரைத் தாண்டிவிடலாம், கால் கெஞ்சுகிறது, தொடையெல்லாம் ஓடு ஓடு என்கிறது, வாழ்க்கையில் ஒருநாளும் ஓட ஆசைப்படாத கால், அதற்கு இன்றைக்கென்று பார்த்து ஆசை. பி.டி. சார் மட்டையோடு கூடவே வருகிறார், கண் என் செருப்பில்லாத காலில், இல்லை, ஷூ போட்ட காலில். ஒரு கால் தரையில். மேடம் வெரசா, வெரசா, என்று சின்னமாயன் கத்துகிறான். பந்தலில் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். எங்கள் போட்டியைப் பார்க்க முதல்வரே எழுந்து நிற்கிறார்.

முதல்வர் எழுந்ததும் போட வேண்டும் என்று முனியசாமிக்குக் காலையிலேயே சொல்லிவைத்திருந்தார்கள். அவன் சொன்ன வேலையைச் சரியாகச் செய்கிறவன். போட்டுவிட்டான். ஒலிபெருக்கி கரகரவென்று இருமி, நாட்டுப்பண் கிளம்பியது. முதல் ஓசையிலேயே இராஜாங்கம் சார் முளையடித்த மாதிரி நின்றார், குதிகால் இரண்டும் ஒட்டி, கை இரண்டும் பக்கவாட்டில், மோவாய் உயர்ந்து. மைதானமே நின்றது. கத்திக்கொண்டிருந்த வாய்கள் எல்லாம் மூடின. நான் மட்டும் நிற்க முடியாமல், சரிவில் பிரேக் பிடித்த லாரி மாதிரி, இரண்டு மூன்று அடி உருண்டு போய் அவருக்கு நேர் பக்கத்தில் வந்து நின்றேன். இரண்டு காலும் தரையில், இதைவிடச் சட்டத்தை மதிக்க முடியாது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பது இதுதானா. மூச்சு வாங்குகிறது, வாங்கக் கூடாது, மரியாதையாக நிற்க வேண்டும், மூச்சுக்கு மரியாதை தெரியவில்லை. வியர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணுக்குள் போகிறது, துடைக்க முடியாது. ஓரக்கண்ணில் இராஜாங்கம் சாரின் மூக்கு நுனியில் ஒரு சொட்டு தொங்குகிறது, விழவில்லை, அதுகூட அட்டென்ஷனில் நிற்கிறது. சிரிப்பு வருகிறது, ஐயோ, சிரிக்கக் கூடாது, செத்தவர்களை நினைத்துக்கொள், பானிபட்டில் செத்தவர்களை நினைத்துக்கொள். கோடு பத்துப் பதினைந்தடியில். கோட்டுக்கு அந்தப் பக்கம் பவுன்தாய் விறைப்பாக நிற்கிறாள், என் செருப்பு இரண்டும் அவளுடைய இரண்டு பக்கத்திலும் தொங்குகிறது. பாட்டு முடிந்தால் விழா முடிந்தது என்பார்களோ. சமம் என்று இரண்டு பேருக்கும் ஆறு ஆறு மாதம் கேடயம் கொடுப்பார்களோ. அதுவும் நல்லதுதான் என்று உடம்பு சொன்னது, போடி, வெட்கமில்லை உனக்கு என்று நான் சொன்னேன். முடிந்தது.

முடிந்ததும் எல்லோரும் வழக்கப்படி கலைந்தார்கள். நாட்டுப்பண் முடிந்தால் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவதுதான் எங்கள் ஊர் வழக்கம், எத்தனையோ வருஷத்துப் பழக்கம், கால் தானாகத் திரும்பிவிடும். இராஜாங்கம் சாருக்கும் திரும்பிவிட்டது. வலது பக்கம் பட்டென்று திரும்பி, கை வீசி, கொடியிறக்கக் கொடிக்கம்பத்தைப் பார்த்து அணிநடையில் போய்க்கொண்டே இருந்தார், பாதையை விட்டு, போட்டியை விட்டு, எல்லாவற்றையும் மறந்து. என் எதிரே பாதை காலியாகக் கிடந்தது. கோடு. பத்துப் பதினைந்தடி. பவுன்தாய்க்குத்தான் முதலில் விளங்கியது, கண்ணை உருட்டிச் செருப்பாலேயே வா வா என்று சைகை காட்டினாள். நடந்தேன். இடது, வலது. இன்னும் நாலைந்து எட்டு. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். அவராகத்தானே போனார், நான் போகச் சொன்னேனா. பாபர் எதிரியை அழைத்துவந்து நிறுத்தியா சண்டை போட்டார். ஆனால் நாளைக்கே காமர்ஸ் பையன்கள் சொல்வார்கள், எங்க சார் பாட்டுக்கு நின்னாரு, அந்த நேரத்துல இவுக கேடயத்தைத் தூக்கிட்டுப் போயிட்டாக. அதுவும் ஒரு மிச்சம் மீதிதான். வேறு ஆள் விட்டுவிட்டுப் போனதைப் பொறுக்கியெடுத்தது. இந்தப் பிள்ளைகள் காற்றிலும் மழையிலும் இழுத்து இழுத்துக் கொண்டுவந்ததை நான் அப்படியா வாங்கிக் கொடுப்பது. கால் நின்றுவிட்டது. மனசு இன்னும் வாதாடிக்கொண்டிருந்தது, கால் நின்றுவிட்டது. பவுன்தாய், போங்க மேடம், என்றாள், அழுகிற குரலில். நான் திரும்பி, வகுப்பில் கடைசி பெஞ்சை எழுப்புகிற குரலை எடுத்தேன்.

"சார், போட்டி இன்னும் முடியல. வாங்க."

இராஜாங்கம் சார் நின்றார். திரும்பினார். என்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், தன் காலடியில் பாதை இல்லாததைப் பார்த்தார், அந்தப் பெரிய முகத்தில் நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக விளங்கிவருவதை நான் பார்த்தேன். பையன்கள் எல்லோரும் கலைவதை விட்டுவிட்டு ஓடிவந்து பாதையோரம் சேர்ந்துவிட்டார்கள். காமர்ஸ் பக்கத்திலிருந்து ஒரே ஓசையாக, சார் ஓடியாங்க, ஓடியாங்க சார், என்று கிளம்பியது. அந்த மனிதர் என்ன செய்வார், அத்தனை பிள்ளைகள் கூப்பிட்டால் யாருக்குத்தான் கால் நிற்கும். ஓடிவந்தார். கொடிக்கம்பத்திலிருந்து பாதை வரைக்கும், பாதைக்கு வந்த பிறகும், வயிறு குலுங்க, இரண்டு காலும் தரையில் படாமல், அழகாக ஓடிவந்தார். பி.டி. சார் மட்டையைத் திருப்பினார். சிவப்பு. தன் கையே தனக்குப் பிடிக்காதவர் மாதிரி உயர்த்தினார், ஆனால் உயர்த்தினார்.

"நடந்து வந்திருக்கணும் சார்."

ஐயோ, நானா கூப்பிட்டு அவரைக் கெடுத்தேன், ஓடுவார் என்று தெரிந்தா கூப்பிட்டேன், சத்தியமாக இல்லை, உள்ளுக்குள் எங்கேயாவது தெரிந்திருக்குமோ, இல்லை, இல்லவே இல்லை, இதை எத்தனை வருஷம் யோசித்துக்கொண்டிருக்கப் போகிறேனோ. இராஜாங்கம் சார் மட்டையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார், பிறகு இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், மூக்கு நுனிச் சொட்டு அப்போதுதான் விழுந்தது. "நீங்க நடங்க மேடம். கோடு அங்கிட்டுத்தான் இருக்கு" என்றார். எனக்குத்தான் கால் வரவில்லை. சந்தோஷம் வந்தால் கால் நடக்காது போலிருக்கிறது, அது குதிக்கப் பார்க்கிறது, ஓடப் பார்க்கிறது, ஓடினால் போச்சு, மட்டை இன்னும் உயர்ந்தே இருக்கிறது. சின்னமாயன் பழக்க தோஷத்தில், ஓடுங்க மே, என்று ஆரம்பித்தான். பவுன்தாய் செருப்பைக் காட்டி அவன் வாயை அடைத்தாள்.

"நடங்க மேடம்" என்றாள். "நடங்க." அவளுக்குப் பின்னால் என் பிள்ளைகள் அத்தனை பேரும், அவர்களுக்குப் பின்னால் இயற்பியலும் தமிழும், கடைசியில் காமர்ஸ் பிள்ளைகளில் சிலரும்கூட, நடங்க, நடங்க, என்று கை தட்டினார்கள், குழந்தைக்கு முதல் நடை பழக்குகிறபோது வீடே கூடிநின்று தட்டுகிற மாதிரி. குதிகால் முதலில். பிறகு பாதம். பிறகு விரல். சுண்டுவிரல் எரிந்தது, எரியட்டும். இடது, வலது, இடது, முட்டியை நேராக வைத்துக்கொண்டு, ஒரு காலை எப்போதும் தரையில் வைத்துக்கொண்டு, சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டினேன். பவுன்தாய் செருப்போடு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தாள். நான் நிற்கவில்லை. கோட்டுக்கு அந்தப் பக்கம் சட்டம் கிடையாது, மட்டை கிடையாது. அவளைத் தாண்டி, பந்தலைத் தாண்டி, முதல்வரையும் முனியசாமியையும் தாண்டி, ஊக்குகள் ஒவ்வொன்றாகத் தெறிக்க, காற்று காதில் இரைய, ஓடினேன். நிஜமாகவே ஓடினேன். என் செருப்பைத் தூக்கிக்கொண்டு பவுன்தாய் பின்னால் ஓடிவந்தாள், போட்டிதான் முடிஞ்சிருச்சே, நில்லுங்க மேடம் என்று சிரித்துக்கொண்டே.